பீங்கான் எரிபொருள் மின்கலமும் அதன் மின்வாய்களும்

அந்தமானில் ரிச்சி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஹேவ்லாக் தீவுக்கு 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சுவராஜ் தீவு என்று புதுப்பெயர் இடப்பெற்றது. ஆயினும் பேச்சு வழக்கில் பழைய பெயர் இன்னும் மறையாமையின் இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்படுகிறது. கோவிந்த நகர், விஜய நகர், சியாம நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்னும் ஐந்து கிராமங்களைக் கொண்ட இத்தீவில், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர் பெரும்பாலராக வாழ்கின்றனர். சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ மின்கம்பி இங்கு வந்து சேர்வதற்கு வழியில்லை. அந்தமான் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது. ஆகவே தீவுக்குத் தீவு தனித்தனி மின்நிலையம் அமைக்க நேர்ந்தது. அந்நிலையங்களில் நெடுங்காலமாக உழைத்து வருபவை டீசல் இயந்திரங்களே. தெற்கு அந்தமானில் நெய்வேலி நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை அண்மை ஆண்டுகளில் துணைக்கு வந்துள்ளன. எனினும் சூரியன் மறைந்தபின் தீவுகளின் விளக்கு பெரிதும் கப்பலில் வந்த எண்ணெயைக் கொண்டே எரிகிறது.

எண்ணெய் கப்பலில் வருகிறதெனின் அதன் ஒவ்வொரு துளிக்கும் விலையோடு கடற்கூலியும் சேர்கிறது. அத்துளியிலிருந்து எவ்வளவு மின்சாரம் பெறுகிறோம் என்பது நகரத்தாரைக் காட்டிலும் தீவினர்க்கே முதன்மையான வினா. டீசல் இயந்திரத்தில் எரிபொருளின் இரசாயன ஆற்றல் முதலில் வெப்பமாகிறது. வெப்பம் உந்துதண்டின் இயக்கமாகிறது. இயக்கம் மின்னாக்கியைச் சுழற்றி மின்சாரமாகிறது. இம்மூன்று படிகளையும் கடப்பதற்குள் நூற்றில் அறுபது பங்குக்கு மேல் புகைபோக்கி வழியும் குளிர்நீர் வழியும் வீணாகப் போய்விடும். எஞ்சுவது 35 முதல் 40 பங்கு வரைதான். இடைப்படிகளை நீக்கி, எரிபொருளின் இரசாயன ஆற்றலை நேரே மின்சாரமாக மாற்றும் கருவியே எரிபொருள் மின்கலமாகும். அதன் வகைகளுள் பீங்கானால் ஆயது 50 முதல் 60 பங்கு வரை மின்சாரம் தரவல்லது. இதைக்கொண்டு ஒரு கணக்கிடுவோம். இயந்திரம் 38 பங்கும் மின்கலம் 55 பங்கும் தருமாயின், 100 பீப்பாய் எண்ணெய் இறக்கிய துறையில் 70 பீப்பாய்க்குச் சற்றுக் குறைவாக இறக்கினாற் போதும். இஃது ஏட்டுக் கணக்கே. டீசலை முதலில் வாயுவாக மாற்ற வேண்டியிருத்தலின் அதில் ஒரு பகுதி கழியும். நடைமுறை இலாபம் இதனினும் குறையும். இருந்தும் புறக்கணிக்கத்தக்கதன்று.

அவ்வாறாயின் ஒவ்வொரு தீவிலும் இக்கருவி ஏன் வந்துவிடவில்லை? இவ்வினாவுக்கு விடை பெரும்பாலும் அதன் மின்வாய்களில் அடங்கியுள்ளது. அவை எப்பொருளால் ஆயவை, எதனால் கெடுகின்றன என்பதை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

மேலே செல்லுமுன் பெயர் பற்றி ஒரு சொல். நம் பாடநூல்களில் ‘அனோடு’ என்பதை நேர்மின்வாய் என்றும் ‘கதோடு’ என்பதை எதிர்மின்வாய் என்றும் மொழிபெயர்ப்பது வழக்கம். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பகுக்கும்போது இது பொருந்தும். மின்சாரத்தை உண்டாக்கும் கலத்திலோ அனோடே எதிர்முனையாய் அமைகிறது. பெயரும் பொருளும் முரண்படுகின்றன. மாணவர் பலர் தடுமாறுவது இவ்விடத்திலேதான். மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்த நாள்முதல் நானும் இங்குத் தடுமாறியே வருகிறேன். எனவே இக்கட்டுரையில் அச்சொற்களை விட்டு, எரிபொருள் வந்து சேரும் வாயை எரிபொருள் மின்வாய் என்றும், காற்று வந்து சேரும் வாயைக் காற்று மின்வாய் என்றும் வழங்குகிறேன். முன்னதே எதிர்முனை, பின்னதே நேர்முனை.

கலம் இயங்கும் முறை

நடுவில் ஒரு பீங்கான் தகடு. அதன் ஒரு முகத்தில் எரிபொருள் மின்வாயும் மறுமுகத்தில் காற்று மின்வாயும் பூசப்பெற்றிருக்கும். தகடு ஸிர்கோனியா என்னும் ஸிர்கோனியம் ஆக்ஸைடால் ஆயது; அதனுடன் நூறு மூலக்கூற்றுக்கு எட்டு என்ற அளவில் யிட்ரியம் ஆக்ஸைடு கலந்திருக்கும். ஸிர்கோனியம் அணு நான்கு மின்னூட்டம் உடையது; யிட்ரியம் மூன்றே உடையது. ஆதலின் யிட்ரியம் புகும்போது மின்னூட்டம் சமனாக வேண்டி, படிகத்தில் ஆக்ஸிஜன் அமரவேண்டிய இடங்கள் சில வெறுமையாய் விடப்படுகின்றன. அரங்கில் ஒரு நாற்காலி காலியாக இருப்பின் பக்கத்தில் உள்ளவர் அதில் நகர்ந்தமர, அவர் இடம் காலியாகி, அடுத்தவர் அதற்கு நகர்வது போல, ஆக்ஸிஜன் அயனிகள் இவ்வெற்றிடங்கள் வழியே தகட்டின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்கின்றன. ஆனால் குளிர்ந்த நிலையில் அவை அசையமாட்டா. 700 முதல் 1,000 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறினால்தான் நடமாட்டம் உண்டாகும். மண்பாண்டச் சூளையின் வெப்பம் இதுவே எனலாம்.

காற்று மின்வாயில் ஆக்ஸிஜன் அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை ஏற்று அயனியாகி, தகட்டைக் கடந்து, எரிபொருள் மின்வாயை அடைகிறது. அங்கு ஹைட்ரஜனுடன் கூடி நீராவியாகி, தான் சுமந்து வந்த எலெக்ட்ரான்களை விட்டுவிடுகிறது. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே திரும்ப இயலாமையால் வெளிக்கம்பி வழியே சென்று, விளக்கையோ விசிறியையோ இயக்கிக் காற்று மின்வாயை அடைகின்றன. சுமை இல்லாதபோது ஒரு கலம் ஏறக்குறைய 1 வோல்ட் தரும்; சுமை ஏறியபின் 0.7 அல்லது 0.8 வோல்ட். பல கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வேண்டிய அழுத்தத்தைப் பெறுகின்றனர்.

இத்தகட்டின் வரலாறு சுவையானது. ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1897-ஆம் ஆண்டில் இதே கலவையைக் கொண்டு விளக்கு ஒன்று செய்தார். குளிர்ந்த ஸிர்கோனியா மின்சாரத்தைக் கடத்தாது. எனவே விளக்கை ஏற்றுமுன் அதனைச் சூடாக்க வேண்டியிருந்தது. டங்ஸ்டன் இழை விளக்கு வந்தபின் நெர்ன்ஸ்டின் விளக்கு மறைந்தது. அதன் பீங்கான் மட்டும் நிலைத்தது. 1937-இல் சூரிச் நகரில் பௌர், பிரைஸ் என்னும் இருவர் அதனைக் கொண்டு முதற் பீங்கான் எரிபொருள் மின்கலத்தை 1,000 டிகிரியில் இயக்கிக் காட்டினர். ஒரு புறத்தில் கல்கரி. மறுபுறத்தில் காந்தக்கல் என்னும் இரும்பு ஆக்ஸைடு. கிடைத்த மின்சாரமோ மிகச் சிறிது. தகடு நன்றாயிருந்தும் மின்வாய்கள் தகுதியற்றவையாக இருந்தமை அதற்கு ஒரு பெருங் காரணம்.

எரிபொருள் மின்வாய்

நல்ல மின்வாய் ஒன்று பல கடமைகளை ஒருங்கே ஆற்ற வேண்டும். மின்சாரத்தைக் கடத்த வேண்டும். இரசாயனச் சேர்க்கையை விரைவுபடுத்த வேண்டும். வாயு புகுந்து வெளிவரத் துளைகள் உடையதாக இருக்க வேண்டும். சூளை வெப்பத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உருக்குலையாது நிற்க வேண்டும். சூடேறும்போதும் ஆறும்போதும் பீங்கான் தகட்டோடு ஒத்து விரிந்து ஒத்துச் சுருங்க வேண்டும். பிளாட்டினம் இவற்றுட் பலவற்றை நிறைவேற்றும். ஆனால் பிளாட்டினத்தால் தீவுகளுக்கு மின்சாரம் வழங்க எந்த அரசாங்கத்தாலும் இயலாது.

நிக்கல் மலிவானது; ஹைட்ரஜனோடு நன்கு பழகுவது. எனினும் தனி நிக்கல் பயன்படாது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தகட்டை 30 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்குச் சூடாக்கினால் ஸிர்கோனியா சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளும். அதே நீள நிக்கல் 1.2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைப்பட்ட 0.4 மில்லிமீட்டரைப் பீங்கான் பொறுக்காது. பூச்சு உரியும், அல்லது தகடு வெடிக்கும். மேலும் அவ்வெப்பத்தில் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு துளைகளை அடைத்துவிடும். இவ்விரு குறைகளுக்கும் ஒரே மருந்தை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்பேஸில் என்பவர் 1960-களில் கண்டார். 1970-இல் உரிமைப் பட்டயமும் பெற்றார். நிக்கலைத் தனியே பூசாமல், தகட்டின் பீங்கானையே பொடித்து அதனுடன் கலந்து பூசுவதே அம்மருந்து. பீங்கான் துகள்கள் எலும்புக்கூடு போல நின்று நிக்கலைத் திரளவொட்டாமல் பிரித்து வைக்கின்றன, விரிவையும் கட்டுப்படுத்துகின்றன. உலோகமும் பீங்கானும் கலந்த இப்பொருளை ‘உலோகப் பீங்கான்’ என்று குறிப்பிடலாம். கலவையின் கன அளவில் நிக்கல் ஏறத்தாழ 30 பங்குக்குக் குறையின் துகளுக்குத் துகள் தொடர்பு அறுந்து மின்சாரம் ஓடாது.

தயாரிக்கும் முறையிலும் ஒரு நயம் உண்டு. முதலில் பூசப்படுவது நிக்கல் அன்று, பச்சை நிறமுடைய நிக்கல் ஆக்ஸைடு. சுட்டபின் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அதிலுள்ள ஆக்ஸிஜன் நீங்கி நிக்கல் மட்டும் நிற்கும். ஆக்ஸைடின் பருமனில் ஐந்தில் இரண்டு பங்கு அப்போது குறைந்துவிடும். குறைந்த இடமெல்லாம் துளையாகும். வாயு புகத் தேவையான துளைகளைத் தனியே தோண்ட வேண்டியதில்லை.

இந்நயமே பின்னர்ப் பகையாகவும் மாறுகிறது. சூடான கலத்தில் எரிபொருள் நின்று காற்றுப் புகுந்துவிட்டால் நிக்கல் மீண்டும் ஆக்ஸைடாகும். பருமன் ஒன்றுக்கு 1.7 ஆகப் பெருகும். அவ்வீக்கத்தில் மெல்லிய பீங்கான் தகடு பிளந்துபோகும். எண்ணெய்க் கப்பல் வரத் தாமதித்தால் டீசல் இயந்திரம் நிற்கும்; கப்பல் வந்ததும் மீண்டும் ஓடும். பீங்கான் கலமோ, தக்க காப்பின்றி நிறுத்தப்படின், நிற்பதோடு கெட்டும் போகலாம். எனவே நிறுத்தும்போதும் ஆறும்போதும் ஹைட்ரஜன் சிறிது கலந்த நைட்ரஜனைச் செலுத்தி நிக்கலைக் காக்க வேண்டும். அல்லது 12 மாதமும் அணையாமல் எரியவிட வேண்டும். தீவுகளில் இப்பொருளைப் பரிந்துரைப்போர் முதலில் விடை கூற வேண்டிய வினா இதுவென்பது என் கருத்து. ஆனால் விளம்பரத் தாள்களில் இதைக் காண்பது அரிது.

நிக்கலுக்கு வேறு இரண்டு பகைகளும் உண்டு. ஒன்று கரி. டீசல், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய்களின் ஆவி நேரே பட்டால் நிக்கல் அதனை உடைத்துக் கரியாகத் தன் மேலேயே படியச் செய்துகொள்ளும். நீராவியைக் கலந்து முன்கூட்டியே எண்ணெயை ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்ஸைடாகவும் மாற்றுதல் இதற்குப் பரிகாரம். நிக்கலுக்குப் பதிலாகச் செம்பையும் சீரியம் ஆக்ஸைடையும் சேர்த்த மின்வாயை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் கோர்ட்டேயின் குழுவினர் அறிமுகப்படுத்தினர். செம்பில் கரி படிவதில்லை; ஆனால் அது தாழ்ந்த வெப்பத்திலேயே இளகித் திரள்வதால் உயர்வெப்பக் கலங்களுக்கு ஏற்கவில்லை. மற்றொரு பகை கந்தகம். பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு ஹைட்ரஜன் ஸல்பைடு இருப்பினும் அது நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வேலையைக் குன்றச் செய்யும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மிகலாகாது என விதிக்கப்பட்டுள்ளது. முன்னர் இருந்த ஐம்பதோடு ஒப்பிடின் பெரிய முன்னேற்றமே. ஆயினும் நிக்கலின் கண்ணோட்டத்தில் அதுவும் மிகுதி. துத்தநாக ஆக்ஸைடு நிறைத்த வடிகலம் ஒன்று முன்னே நிற்க வேண்டும்.

காற்று மின்வாய்

மறுபுறத்தில் நிக்கல் ஒரு நாளும் நில்லாது, காற்றில் ஆக்ஸைடாகிவிடும். இங்கு வேண்டுவது ஆக்ஸைடாகவே இருந்துகொண்டு உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அத்தகைய பொருள்களைப் பெரோவ்ஸ்கைட்டு என்னும் படிகக் குடும்பத்தில் கண்டனர். ரஷ்யாவின் யூரல் மலையில் 1839-இல் கண்டெடுத்த ஒரு கனிமத்துக்குப் பெரோவ்ஸ்கி என்னும் ரஷ்யப் பிரபுவின் பெயரை இட்டதே குடும்பப் பெயராயிற்று. அதே 1839-இல் இங்கிலாந்தில் வில்லியம் குரோவ் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கொண்டு தம் வாயு மின்கலத்தைப் பற்றி எழுதலானார். இரண்டும் ஒரு கருவியில் வந்து கூடுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

1960-களில் லாந்தனம் கோபால்டைட்டைச் சோதித்தனர். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தியது. ஆனால் மேற்சொன்ன 10 சென்டிமீட்டர் கணக்கில் அது 1.5 மில்லிமீட்டர் நீளும். தகட்டோடு ஒத்துவாழாது. பின்னர் லாந்தனம் மாங்கனைட்டில் ஸ்ட்ரான்ஷியத்தைச் சிறிதளவு கலந்து, விரிவில் ஸிர்கோனியாவுக்கு நெருங்கிய கருநிறப் பொருள் ஒன்றைப் பெற்றனர். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இப்பொருளையே ஒன்றரை மீட்டர் நீளக் குழாயாக வார்த்து, அதன்மேல் பீங்கானையும் நிக்கலையும் படியச் செய்தது. அப்பணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் இந்தியாவிற் பிறந்த சுபாஷ் சிங்கால் ஆவார். அக்குழாய்களாலான 100 கிலோவாட் நிலையம் ஒன்று நெதர்லாந்தில் 1998 முதல் 16,000 மணிக்கு மேல் ஓடியது.

மாங்கனைட்டு எலெக்ட்ரானைக் கடத்தும். ஆக்ஸிஜன் அயனியைக் கடத்துவது அரிது. ஆகவே காற்றும் மின்வாயும் தகடும் கூடும் முச்சந்தியில் மட்டுமே வேலை நடைபெறும். முச்சந்தியைவிட்டு ஒரு மயிரிழை விலகினாலும் ஆக்ஸிஜன் பயன்படாது. முச்சந்திகளை மிகுவிப்பதற்காகவே இங்கும் பீங்கான் பொடியைக் கலக்கின்றனர். லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட்டு, இரும்பு நான்கும் சேர்ந்த பிறிதொரு பெரோவ்ஸ்கைட்டு எலெக்ட்ரானையும் அயனியையும் ஒருசேரக் கடத்தும். அதன் மேற்பரப்பு முழுவதுமே முச்சந்தி போலாகிறது. 700 டிகிரியிலும் நன்கு உழைக்கிறது. குறை என்னவெனில் ஸ்ட்ரான்ஷியம் ஸிர்கோனியாவோடு கூடி மின்சாரம் கடத்தாத ஒரு படலத்தை உண்டாக்கும். அதைத் தடுக்க இடையில் கடோலினியம் கலந்த சீரியம் ஆக்ஸைடைத் திரையாகப் பூச வேண்டியிருக்கிறது.

இனி ஹேவ்லாக் காற்றுக்கு வருவோம். அடுக்கிய கலங்களுக்கு இடையே வைக்கப்படும் தகடுகள் பெரும்பாலும் குரோமியம் மிகுந்த எவர்சில்வர் எஃகால் ஆயவை. எஃகைத் துருவினின்று காக்கும் குரோமியம் ஆக்ஸைடு சூளை வெப்பத்தில் ஓரளவு ஆவியாகும். உலர்ந்த காற்றில் அந்த ஆவி சிறிது. ஈரக் காற்றிலோ நீராவியோடு கூடிப் பன்மடங்காகும். அது காற்று மின்வாயை அடைந்து, முச்சந்திகளிலேயே மீண்டும் திண்மமாகப் படிந்து அவற்றை அடைக்கிறது. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை பெய்து, கடல்சூழ் ஈரம் என்றும் நீங்காத அந்தமானில் இக்கேடு குளிர்நாட்டு ஆய்வகத்தில் கண்டதினும் மிகும் என்று எதிர்பார்த்தல் தகும். எஃகின்மேல் மாங்கனீஸும் கோபால்ட்டும் சேர்ந்த ஆக்ஸைடைப் பூசுவதும், காற்றை வடிகட்டி உப்புத்துகளை அகற்றி உலர்த்தி அனுப்புவதும் கையாளத்தக்க வழிகள். இவற்றுக்கு ஆகும் செலவையும் முன்னே சொன்ன 70 பீப்பாய்க் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டில்

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கு குறிப்பிடத்தக்கது. திருச்சிராப்பள்ளிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர், அமெரிக்காவின் அரிஸோனா பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க் கிரகத்தின் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்தெடுக்கும் கருவியை ஆராய்ந்து வந்தார். அது பீங்கான் மின்கலத்தைத் திருப்பி ஓட்டுவதே. பின்னர் அதனை நேராக ஓட்டி மின்சாரம் பெறும் நோக்குடன் 2001-இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய புளூம் எனர்ஜி. 2010-இல் அவர் பொதுமக்களுக்குக் காட்டிய தகட்டின் ஒரு முகம் பச்சை, மறுமுகம் கறுப்பு. இதுவரை படித்த அன்பர்களுக்கு அப்பச்சையின் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. செவ்வாயில் இக்கருத்து வீண்போகவில்லை: 2021 ஏப்ரலில் அமெரிக்க ஊர்தி ஒன்றிலிருந்த வேறொரு பீங்கான் கருவி அங்கு முதன்முதலாக ஆக்ஸிஜனைப் பிரித்தது.

தேசிய அனல்மின் கழகம் விசாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிம்ஹாத்ரியில் இவ்விரு திசை ஓட்டத்தையும் ஒருங்கே பயன்படுத்தும் திட்டத்தை 2021 டிசம்பரில் அறிவித்தது. பகலில் நீர்த்தேக்கத்தின்மீது மிதக்கும் சூரியத் தகடுகளின் மின்சாரத்தால், 240 கிலோவாட் பீங்கான் கருவி நீராவியைப் பிரித்து ஹைட்ரஜன் தரும். மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை 50 கிலோவாட் பீங்கான் மின்கலம் அந்த ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் என்பது திட்டம். டீசலை நம்பியிருக்கும் தொலைப்பகுதிகளைக் கருதியே இது வகுக்கப்பட்டது. ஹேவ்லாக் போன்ற தீவுக்கு டீசலைப் பீங்கான் கலத்தில் இடுவதைக் காட்டிலும் இவ்வழியே பொருந்தும் என்று தோன்றுகிறது. இதில் கந்தகமும் இல்லை, கரியும் இல்லை. கப்பலை எதிர்பார்த்தலும் இல்லை. ஈரமும் உப்பும் மட்டும் எஞ்சும்.

மூலப்பொருள்களில் பல நம் காலடியிலேயே உள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலில் ஸிர்கோன் உண்டு. அதினின்று ஸிர்கோனியா வரும். அம்மணலின் மோனஸைட்டில் லாந்தனமும் சீரியமும் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அம்மோனஸைட்டை இனங்கண்டது வாயு விளக்கு வலைக்காக. நெர்ன்ஸ்டின் பீங்கானைப் போலவே இதுவும் விளக்குக்காகத் தேடப்பட்டுப் பின் வேறு பயனுக்கு வந்தது. நிக்கல்தான் நம்மிடம் அரிது. பெரும்பகுதி அயல்நாட்டினின்றே வருகிறது. மின்வாய் ஆராய்ச்சிக்குக் கல்கத்தாவில் 1950-இல் திறக்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் பெயர் பெற்றது. நிக்கல் மின்வாயையே தாங்கியாகக் கொண்டு, மேலே மயிரிழையினும் மெல்லிய பீங்கானைப் படியவைக்கும் கலங்களை அது செய்துள்ளது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1953 ஜனவரி 14-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் மின்கலத் துறையில் உழைத்து வருகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

மோட்டார் கார்களின் புகைக் குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் உள்ளிருப்பது ஸிர்கோனியாவே. இரு புறமும் பிளாட்டினம் பூசிய சிறு மின்கலம். கழித்துப் போட்ட ஒற்றைக் கம்பி உணரியைப் பணிமனைகளில் எளிதாகப் பெறலாம். அதன் உலோக உடலை இடுக்கியாற் பற்றித் தாங்கியில் நிறுத்தி, கம்பியை வோல்ட்மீட்டரின் நேர்முனையோடும், உடலை எதிர்முனையோடும் இணைக்க. எரிவாயு அடுப்பின் சுடரில் நீலக் கூம்பின் நுனியருகே, காற்றுக் குறைந்த இடத்தில், உணரியின் மூக்கு படும்படி வைக்க. ஒரு நிமிடம் கழித்து முள் 0.8 அல்லது 0.9 வோல்ட்டுக்கு ஏறும். சூடு ஆறுமுன் சுடரிலிருந்து விலக்கினால் இருபுறமும் காற்றே ஆதலின் உடனே சுழிக்கு இறங்கும். முள் உடைய பழைய மீட்டர்களைவிட இலக்க மீட்டரே இதற்கு நன்று. பழையவை இழுக்கும் சிறு மின்னோட்டத்தையும் இச்சிறு கலம் தாங்காது. உணரி நெடுநேரம் சூடாயிருக்குமாதலின் மாணவர் கைபடாதவாறு மணற்றட்டில் வைத்து ஆறவிடுக.